தெற்கு வெயில்

1

பெர்த்தில் அமாவாசைத் தர்ப்பணம் செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. தெற்கே பார்த்து உட்கார்ந்தால் வெயில் முதுகில் விழும். ஆடி அமாவாசை அங்கே நல்ல குளிரில் வரும் என்பதால் அந்த வெயில் எனக்கு வேண்டியும் இருக்கும். துணி காயப்போடும் இடத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, கைபேசியைப் பூந்தொட்டியில் சாய்த்து வைப்பேன். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து வாத்தியார் மந்திரம் சொல்ல, நான் திருப்பிச் சொல்வேன். நடுவில் நெட்வொர்க் போனால் பித்ருக்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

பெர்த்துக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அங்கே ஒரு நிறுவனத்தில் ஆர்க்கிடெக்டாக இருக்கிறேன். அப்பா போய் நாலு வருஷம். முதல் மூன்று திதிகளை அந்தப் பூந்தொட்டி முன்னால்தான் முடித்தேன். இந்த மார்கழியில் திருவனந்தபுரத்தில் இருக்கும்படி அமைந்தது. அதற்கும் அப்பா காரணமில்லை. கழக்கூட்டம் பக்கம் நான் வடிவமைத்த அலுவலகக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவர நிறுவனமே டிக்கெட் எடுத்து அனுப்பியது. திதியும் அந்த வாரத்திலேயே வந்தது.

ஸ்ரீவராகத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது அக்கா இருக்கிறாள். நடுமுற்றத்துக்கு மேலே மழைக்காகக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டிருக்கிறாள். வெயிலுக்கு அது தடையில்லை. காக்கைக்குத்தான் தடை, சாதம் வைக்க மொட்டைமாடிக்கு ஏற வேண்டும்.

"பூணூலை இடம் பண்ணிக்கோங்கோ. தெக்க பாத்து உக்காருங்கோ" என்றார் வாத்தியார்.

முற்றத்தின் வடக்கு ஓரத்தில் திரும்பி உட்கார்ந்தேன். உச்சிப்பொழுது. வெயில் நேரே முகத்தில் அடித்தது. தப்பான பக்கம் உட்கார்ந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தெக்கு இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டேன்.

வாத்தியார் சிரித்துவிட்டார். "இதென்ன கேள்வி? பொறந்த ஆத்துல தெக்கு மாறிப் போகுமா? சூரிய பகவானே எதிர்த்தாப்புல நிக்கறாரே."

கையில் எள்ளும் தண்ணீரும். அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. துக்கம் என்று நினைத்து வாத்தியார், "மெதுவா சொல்லுங்கோ, அவசரமில்லை" என்றார். எனக்குத் துக்கமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. பயம்தான் இருந்தது. கழக்கூட்டத்தில் என் கட்டடத்தின் தெற்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கிறது, அதைத் திறந்துவிடச் சொன்னவன் நான்.

2

விஷயத்தை விளக்கிவிடுகிறேன். பூமியின் தென்பாதியில் இருக்கும் ஊர்களில் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். பெர்த்தில் 'வடக்குப் பார்த்த ஹால்' என்று விளம்பரம் போட்டால் அந்த வீட்டுக்குத் தனி கிராக்கி. போன புதிதில் எனக்குத் திசையே பிடிபடாது. பஸ்ஸை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் நடந்த நாட்கள் உண்டு. பிறகு உடம்பு பழகிக்கொண்டது. பழகியது எனக்குத் தெரியாது.

திருவனந்தபுரத்தில் ஆவணி பாதியிலிருந்து பங்குனி முடியும்வரை சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்தே போகும். மிச்ச மாதங்களில் வடக்கே போகும், ஆனால் அதில் பாதிக்கு மேல் மழைமேகம் மூடிவிடும். இந்த ஊரில் துணி உலர்த்துகிற எல்லோருக்கும் இது தெரியும்.

நான் வரைந்தது நீளமான ஒரு கட்டடம். கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னலே இல்லாத மாதிரி சுவர். வடக்கிலும் தெற்கிலும் நீள நீளமாகக் கண்ணாடி, அதற்கு வெளியே வெயிலை மறைக்க வரிசையாக அலுமினியப் பலகைகள். கட்டட வேலையில் இவற்றை ஃபின் என்பார்கள். வெளிச்சம் வரும், சூடு வராது. பெரும்பாலும் காத்தாடியிலேயே வேலை பார்க்கலாம், ஏசி கொஞ்ச நேரம் போதும் என்பது கணக்கு. 'வெயிலோடு சண்டை போடாத கட்டடம்' என்று நான்தான் அதற்கு வாசகம் எழுதிக் கொடுத்தேன். அந்த வாசகம் இப்போது சைட் வாசலில் பெரிய பலகையில் இருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன்பு, கட்டடத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியில் செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். ஏதாவது ஒரு பக்கத்து ஃபின்களை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்கள். மகளின் விளையாட்டுப் பயிற்சி முடியக் காத்துக்கொண்டு, காருக்குள் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தில் பேசினேன். முன்னால் பெர்த்தின் சாயங்கால வெயில். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தெற்குப் பக்கம் எடுத்துடலாம். வடக்குதான் முக்கியம்" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. நெட்வொர்க் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் யாரோ "செரி சார்" என்றார்கள். வெயில் கணக்கை மறுபடி கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால், அதற்கென்று அமர்த்தியிருந்தவரின் ஒப்பந்தம் முடிந்து போயிருந்தது. நானும் கேட்கவில்லை. இரண்டு வரியில் ஒரு கடிதம் போட்டேன், அவ்வளவுதான்.

திதி வியாழக்கிழமை. திங்கட்கிழமை தெற்குப் பக்கத்தில் கண்ணாடி ஏற்ற ஆரம்பிப்பதாக ஏற்பாடு. கண்ணாடி ஏறிவிட்டால் அப்புறம் வெளியே எதையும் மாட்ட முடியாது, மாட்டுவதென்றால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும்.

3

"என்னடா, பாயசம் அப்படியே இருக்கு. நோக்கு என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லை. ஜெட்லாக்."

"ரெண்டரை மணி நேர வித்யாசத்துக்கு ஜெட்லாக்கா? அதுவும் வந்து மூணு நாள் கழிச்சு?"

கை கழுவப் போனேன். சமையற்காரனுக்கு உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் போனால் ஊர் என்ன சொல்லும்? ஆர்க்கிடெக்டுக்குச் சூரியன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்பதை அக்காவிடம்கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தெருவெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு மாமா காலையில் நிறுத்தி, "ஃபாரின்லேந்து வந்து நம்ம ஊருக்கு வெயில் எப்படி வரதுன்னு சொல்லித் தரையாமே" என்று வேறு கேட்டிருந்தார். பாராட்டாகத்தான் கேட்டார்.

சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். தாரிணிக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பேசுவது தேவையைப் பொறுத்தது. சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"தாரிணி, மத்தியானம் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும்?"

"நார்த். ஏன்பா, குவிஸ்ஸா?"

"தெற்கே இருக்காதா?"

"அது ஷேடுப்பா. நீதான சொன்னே."

நான்தான் சொன்னேன். அவள் சின்ன வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் ஒரு வீடு செய்தோம். ஜன்னலையெல்லாம் வடக்கே வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பரிசு கிடைத்தது, இன்னும் அலமாரி மேலே இருக்கிறது. அவளுடைய ஊரில் அவள் சொன்னது சரி. அவள் பிறந்த ஊர் அது, அவளுக்கு இன்னொரு தெற்கு கிடையாது. எனக்கு இரண்டு இருந்தன, ஒன்றை எப்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வரப் பார்த்தது. அக்கா வருகிற சத்தம் கேட்டு அடக்கிக்கொண்டேன்.

4

இனிச் சொல்லப்போவதுதான் என்னை உண்மையில் தூங்கவிடாமல் செய்த விஷயம்.

சைட் வாசலில் காவல்காரர் எனக்குக் கொடுத்த பாஸில் 'ஃபாரின் விசிட்டர்' என்று போட்டிருந்தது. பாஸ்போர்ட்டை மாற்றியபோதே நான் இங்கே வெளிநாட்டுக்காரன் ஆகிவிட்டேன். கையில் ஒரு அட்டை இருக்கிறது, விசா வேண்டாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம். ஆனால் கட்டட வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட்டால் செல்லாது. அதற்கு இங்கே பதிவு செய்த ஆர்க்கிடெக்ட் வேண்டும். என் பிறந்த ஊரில் நான் ஒரு கட்டடத்தை யோசிக்கலாம், வரையலாம், பலகையில் வாசகம் எழுதலாம், கையெழுத்துப் போடக் கூடாது.

என் வரைபடங்களில் கையெழுத்துப் போட்டவர் ஜெயசீலி. பாறசாலை பக்கத்துத் தமிழ்க் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது இளையவர். பல வருஷம் பிறரிடம் வேலை பார்த்துவிட்டு, போன வருஷம்தான் பழவங்காடிப் பக்கம் சின்னதாகத் தனி ஆபீஸ் போட்டிருக்கிறார். இதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய கட்டடம். ஃபின்களை எடுத்த பிறகு திருத்தி அனுப்பிய வரைபடத்திலும் அவர் பெயரும் பதிவு எண்ணும் கையெழுத்தும்தான் இருந்தன. என் கடிதம் மின்னஞ்சலில் எங்கேயோ அடியில் கிடந்தது.

அதாவது நான் பேசாமல் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறிவிட்டால், அடுத்த மார்கழியில் அந்தத் தெற்கு ஹாலில் உட்கார்ந்து வேகப்போகிறவர்கள் தேடுகிற பெயர் ஜெயசீலியுடையதாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை சைட்டுக்குப் போனேன். மாடிகளில் ஏறி இறங்கினேன். வடக்கே பாதி உயரத்துக்கு ஃபின்கள் மாட்டியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. வெயில் அதைத் தொடவே இல்லை. ஜெயசீலி கூடவே வந்தார். கதவு, குழாய், மின்சாரம் என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசினேன். தெற்குப் பக்கம் போனபோது கைபேசியை எடுத்துப் பார்க்கிற மாதிரி நடித்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல.

5

சனிக்கிழமை காலையில் பெர்த்தில் இருக்கிற என் முதலாளியைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, வரைபடத்தில் கையெழுத்து உள்ளூர்க்காரருடையது, கேள்வியை அவரே எழுப்பட்டும், நீயாக எதையும் எழுத்தில் கொடுக்காதே என்றார். மாற்ற நேர்ந்தால் காரணம் என்ற இடத்தில் 'சைட் கண்டிஷன்', அதாவது இடத்தின் நிலைமை, என்று போடச் சொன்னார். சூரியனும் ஒரு சைட் கண்டிஷன்தானே என்று கடைசியில் சிரித்தார். நானும் சிரித்தேன். வைத்த பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கால் போன போக்கில் நடந்து பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கல்லூரிப் பரீட்சைக்குப் பிறகு நான் அங்கே தேங்காய் உடைத்ததில்லை. ஒன்று வாங்கி ஓங்கி எறிந்தேன். அது உடையாமல் உருண்டு போய்ச் சுவரோரம் நின்றது. கை பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"சேட்டா, ஒண்ணூடெ எறியு" என்றார் பின்னால் நின்றவர். அவருக்கு அவசரம், கையில் ஒரு பை நிறையத் தேங்காய்.

எடுத்து மறுபடி எறிந்தேன், உடைந்தது. பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்று நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் நான் வந்திருக்கிறேன். அதைக் கேட்க வெட்கமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து ஜெயசீலிக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு சைட்டுக்கு வர முடியுமா? ஞாயித்துக்கிழமை, சிரமம்தான்."

"சர்ச் முடிஞ்சு வாறேன் சார்" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

6

மத்தியானம் வந்தார். சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். தெற்கு ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி இல்லாத திறப்பு வழியாக வெயில் வந்து தரையில் பாதி தூரம் வரை விரித்துக் கிடந்தது. அந்த வெயிலுக்குள்தான் மேஜைகள் வரும் என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள்.

"ஜெயசீலி, வெயில் இந்தப் பக்கம்தானே வருது."

அவர் என்னைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்தார். "பின்னே. இப்பம் இங்கதான் சார் வரும்."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"எனக்கு அப்பமே ஒரு சம்சயம் உண்டு சார். பின்ன, சார் இந்த ஊர்க்காரர். வெளிய போயி பெரிய பெரிய பில்டிங் எல்லாம் செய்த ஆளு. இங்கத்த வெயிலு சாருக்குத் தெரியாம இருக்குமா, ஏதாவது கணக்கு இருக்கும்னு விட்டேன்."

"கேட்டிருக்கலாமே."

"மெசேஜ் போட்டேன் சார். அப்புறம் டிலீட் பண்ணினேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. எட்டு மாதமாக எங்கள் உரையாடலில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி கிடக்கிறது. ஏதோ கைதவறிப் போட்டிருப்பார் என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறேன்.

"இங்க வாங்க சார்" என்று திறப்பின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். உத்தரத்தின் வெளிமுகத்தைக் காட்டினார். கான்கிரீட்டில் பதித்த, உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்று துருப்பிடித்து இருந்தது. அடுத்த தூணுக்கு முன்னால் இன்னொன்று. வரிசையாகத் தெற்கு முகம் முழுக்க இருந்தன. ஃபின்களைத் தாங்குவதற்காக முதல் வரைபடத்தில் நான் கொடுத்திருந்த தகடுகள்.

"இதை எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

"ஃபின்ன எடுக்கச் சொல்லித்தான் சார் லெட்டர் வந்தது. பிளேட்ட எடுக்கச் சொல்லலியே. கிடக்கட்டும்னு விட்டேன்."

ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தேற்றவெல்லாம் இல்லை. ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. வடக்கில் மாட்டியதைக் கழற்றி இங்கே மாட்டலாம். கண்ணாடி வேலை இரண்டு வாரம் நிற்கட்டும்.

"அப்போ வடக்கு?"

"சித்திரை, வைகாசி ரெண்டு மாசம் அடிக்கும். உள்ள திரை போடலாம், கீழ மரம் வைக்கலாம். பின்ன மழ வந்துரும்லா."

"நாளைக்குக் கம்பெனிக்காரங்ககிட்ட என்ன சொல்றது?"

"சைட் கண்டிஷன்னு எழுதிக் குடுக்கலாம் சார்" என்றார். என் முதலாளி சொன்ன அதே சொல். "அவங்க என்னைத்தான் கேப்பாங்க. கையெழுத்து என்னோடதுல்லா. நான் பாத்துக்கிடுதேன்."

குறை சொல்லும் குரல் அதில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

7

இதைப் பெர்த்திலிருந்து எழுதுகிறேன். வேலை இன்னும் இருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. முதலாளி முன்போல் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை. ஒவ்வொரு வரைபடத்திலும் வடக்கு எது என்று மூன்று முறை பார்க்கிறேன், பார்த்துவிட்டு வெளியே போய் வானத்தையும் பார்க்கிறேன். பக்கத்து மேஜைக்காரன் நான் சிகரெட் பழகிவிட்டதாக நினைக்கிறான்.

அந்தத் திங்கட்கிழமை சைட் ஆபீஸில் கம்பெனியின் கட்டடப் பொறுப்பாளர் ராஜீவ் எதிரே உட்கார்ந்திருந்தார். கண்ணாடி வேலையை நிறுத்தியிருக்கிறோம், ஃபின்களைப் பக்கம் மாற்றுகிறோம் என்று ஜெயசீலி சொன்னார். ராஜீவ் வரைபடத்தைத் திருப்பிக் கீழ்மூலையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

"அப்போ இது ஆருடெ மிஸ்டேக்கா? சைன் மேடத்தின்டெ ஆணல்லோ."

ஜெயசீலி வாயைத் திறந்தார். காலையிலிருந்து நான் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். நீளமான, நாசூக்கான, யார் தலையிலும் விழாத வாக்கியம். வந்த நாளிலிருந்து மலையாளம் பேசுகிறவர்களிடமெல்லாம் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டிருந்தேன், மலையாளம் வாயில் வருவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"என்டெயாணு" என்றேன், என்னுடையதுதான் என்று.

எனக்கே சத்தமாகக் கேட்டது. ராஜீவ் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. "எழுதித் தரணும் சார். ஃபைலில் வேணம்" என்றார்.

"வேண்டாம் சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று ஜெயசீலி தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவிக்கொண்டேன். தெற்கு முகத்தின் ஃபின்களை நீக்கச் சொன்னது நான், வரைபடத்தில் கையெழுத்திட்டவருக்கு இதில் பொறுப்பில்லை, சூரியன் வடக்கே போகும் ஊரில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டதால் நேர்ந்த தவறு என்று இங்கிலீஷில் எழுதினேன். எழுத்து என் அப்பாவின் கடைசிக் காலத்து எழுத்துபோல் இருந்தது.

ராஜீவ் வாசித்தார். "லாஸ்ட் லைன் வேண்ட சார். ஃபைலில் அதின்டெ ஆவசியம் இல்லா."

இன்னொரு தாள் எடுத்து, கடைசி வரி இல்லாமல் எழுதினேன். அடியில் பேனாவை வைத்ததும், வரைபடத்தில் என் கையெழுத்து செல்லாது என்பது ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்த ஜெயசீலியைப் பார்த்தேன்.

"என் கையெழுத்து இங்கே செல்லுமா?"

அவர் தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாக வாசித்துவிட்டு என் முன்னால் வைத்தார்.

"இதுக்குச் செல்லும் சார்."